இரண்டு வரி செங்கல்

சால்கெய்ரா, தேஜோ ஆற்றங்கரை
அக்டோபர் கடைசி ஞாயிறு

என் மகள் ஒடெட்டுக்கு, உன் அப்பா அபிலியோ தன் கையாலேயே எழுதுகிறேன். முதலில் இந்தக் கையெழுத்துக்கு என்னை மன்னித்துவிடு. ஒரு எழுத்து பெரிதாக இருக்கும், அடுத்தது சிறுத்துப்போயிருக்கும், வரி நேராகப் புறப்பட்டுப் பாதியில் கீழே இறங்கிவிடும், இரண்டு மூன்று இடத்தில் பேனா அழுந்தித் தாளே கிழிந்திருக்கிறது. வலை பின்னிப் பழகிய விரல்கள் ஒடெட், இவ்வளவு மெல்லிய ஒன்றைப் பிடித்து அவற்றுக்குப் பழக்கமில்லை. உங்கள் வின்னிபெக்கில் இப்போதே பனி விழத் தொடங்கியிருக்கும். நீயும் மருமகன் ஆர்லிந்தோவும் சின்னவன் தியாகோவும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், சண்டை போடுகிறோம், அதனால் நலம் என்றுதான் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் உனக்கு வந்த கடிதங்களை மருந்துக்கடைக்காரர் எழுதிக்கொடுத்தார், நான் ஒன்று சொன்னால் அவர் அதைக் கோட்டு சூட்டுப் போட்டு அனுப்புவார். இது முழுக்க என்னுடையது, பிழைகள் உட்பட. எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் நத்தெர்சியா டீச்சர் திருத்தித் தருகிறேன் என்றார். நான் காட்டவில்லை, இதில் இருப்பது உன் அம்மாவின் சங்கதி.

படிக்கத் தெரிந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குச் சொல்லி முடியாது. ஊராட்சி மன்றக் கூடத்தில் நாங்கள் ஏழெட்டுக் கிழவர்கள், பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிறோம். ரொட்டிப் பையில் உப்பு குறைவு என்று எழுதியிருக்கிறது ஒடெட், இத்தனை வருஷமாக ருசி இல்லை என்று அந்த ரொட்டிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன், அவன் எழுதி வைத்துத்தான் விற்றிருக்கிறான். பேருந்தின் நெற்றியில் ஊர்ப் பெயர் இருப்பதை யாரையும் கேட்காமல் பார்த்து ஏறினேன், ஏறின பிறகு எனக்கு அந்த ஊரில் வேலை ஒன்றுமில்லை என்பது நினைவுக்கு வந்தது. உன் அம்மா ஊரெல்லாம் சொல்கிறாள், ‘இந்த மனுஷனுக்கு எழுத்து வந்ததுல இருந்து வாய மூடறதே இல்ல, சோப்பு உறையக்கூட சாமியார் பிரசங்கம் மாதிரி வாசிக்குது’ என்று.

போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போன் உன் அம்மா கையில்தான் இருக்கிறது, நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன், அவள் எனக்காகவும் சேர்த்துப் பேசிவிடுகிறாள். குளியல் எப்படி என்று நீ கேட்டபோதெல்லாம் ‘ராணி மாதிரி குளிக்கிறேன்’ என்று அவள் சொன்னாளே, அது உண்மை இல்லை. இந்தக் கோடை முழுவதும் அது உண்மையாக இருக்கவில்லை, அதற்குக் காரணம் நான். அவளுக்குத் தெரியாமல் இதை எழுதவில்லை. ‘எழுது, ஆனா முழுசா எழுது, உனக்கு வசதியா பாதிய முழுங்கிடாத’ என்று சொல்லிவிட்டுத்தான் பக்கத்து வீட்டு பெல்மிரோவுக்கு அவரைக்காய் ஆய்ந்து கொடுக்கப் போயிருக்கிறாள். அதனால் முழுசாக எழுதுகிறேன், உனக்கும் படிக்கப் பொறுமை வேண்டும்.

ஈஸ்டருக்கு நீ வந்திருந்தபோது சமையலறையில் நின்று சொன்னாய். அம்மாவால் யார் துணையும் இல்லாமல் தானாகக் குளிக்க முடிந்தால் இந்த வீட்டிலேயே இருக்கட்டும், முடியாவிட்டால் டவுனில் உள்ள முதியோர் இல்லத்தில் பெயர் பதிந்திருக்கிறேன், குளிர் வருவதற்குள் அங்கே போய்விடுவதுதான் நல்லது என்றாய். பாசத்தில் சொன்னாய், எனக்குத் தெரியும். ஜனவரியில் படகுத்துறைப் பலகையில் மீன் கூடையோடு அவள் விழுந்ததையும், ஆஸ்பத்திரியில் இடுப்புக்குள் இரும்பு வைத்ததையும் போனில் கேட்டாய், அப்புறம் தினமும் காலையில் உதவிக்கு வரும் பெண் சமையலறையில் பேசின் வைத்து அவளைத் துடைத்துவிட்டதை நீயே வந்து பார்த்தாய். இத்தனை வருஷம் என் முன்னாலேயே விளக்கை அணைத்துவிட்டுத் துணி மாற்றியவள், அந்தப் பெண் வந்து போகும்வரை சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீயும் பார்த்தாய். நம் பழைய குளியல் தொட்டியின் விளிம்பு முழங்காலுக்கு மேலே நின்றது, அதைத் தாண்ட அவளால் எந்தக் காலத்திலும் இனி முடியாது. நீ விமானம் ஏறின மறுநாளே நான் கொத்தனார் வெனான்சியோவைப் போய்ப் பார்த்தேன். தொட்டியை எடுத்துவிட்டு, மேலே நின்று குளிக்கிற ஷவர் தட்டு வைத்துக் கொடு என்றேன், அவள் நடந்து உள்ளே போய்க் குளித்துவிட்டு நடந்து வெளியே வர வேண்டும் என்றேன். இதைத்தான் சொன்னேன், சரியாகத்தான் சொன்னேன். எங்கே கெட்டது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்.

தொட்டி பழைய இரும்பு, தூக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். இப்போது அது அத்திமரத்தடியில் இருக்கிறது, பெல்மிரோ தன் விலாங்கு மீன்களை அதில் விட்டு வைத்திருக்கிறான், அவை நம்மைவிட வசதியாகக் குளிக்கின்றன. வேலை நடந்த அன்று இங்கே வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, ஒரு வீட்டில் உளிச் சத்தம் கேட்டால் கரையில் இருக்கிற ஆண்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள், இரண்டு பேர் வேலை செய்வார்கள், மற்றவர்கள் யோசனை சொல்வார்கள், எல்லோருக்கும் சாப்பாடும் ஒயினும் வீட்டுக்காரன் செலவு. உன் அம்மா சாவெல் மீன் வறுத்து ரொட்டிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள், கைத்தடியை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு நின்றுகொண்டே. ஷவர் தட்டு அட்டைப்பெட்டியில் வந்தது, வெள்ளையாக, கால் வழுக்காதபடி மேலே சொரசொரப்பாக. பெட்டிக்குள் ஒரு காகிதம் இருந்தது. வெனான்சியோ அதைக் கசக்கப் போனான், நான் பிடுங்கி, கண்ணாடியைப் போட்டு, எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தேன். தட்டின் அடிப்பக்கம் முழுவதும் கலவையில் உட்கார வேண்டும், எங்கும் பொக்கு இருக்கக் கூடாது, கலவை இறுகும்வரை யாரும் ஏறி நிற்கக் கூடாது என்று. விக்கி விக்கித்தான் வாசித்தேன், ஆனால் முடித்தேன். பெல்மிரோ கை தட்டினான். ‘அடேய், நம்ம அபிலியோ வக்கீல் ஆயிட்டான்டா’ என்றான். அன்று என் தலை வீட்டுக் கூரையில் இடித்தது என்று வைத்துக்கொள்.

அப்போதுதான் உயரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. வெனான்சியோ சொன்னான், ‘மாமா, தரையைத் தோண்டித் தட்டைத் தரைமட்டத்துக்கு இறக்கலாம், கழிவுக் குழாயையும் கூடவே இறக்கணும், கழிவுக் குழியிலிருந்து தண்ணி திரும்பி வராம இருக்க ஒரு பக்கம் மட்டும் திறக்கிற மூடி ஒண்ணு போடணும், ரெண்டு நாள் கூட ஆகும்.’ உடனே ஆளுக்கு ஆள் சிரித்தார்கள். இந்தக் கரையில் யார் எதைத் தரைமட்டத்தில் வைத்திருக்கிறார்கள் சொல். நம் தாத்தாக்கள் மரக்கால் மேல் வீடு கட்டினவர்கள், செங்கல் வீடு வந்த பிறகும் வாசலுக்குப் படி, அடுப்புக்குப் படி, கோழிக்கூட்டுக்குக்கூடப் படி வைக்கிறோம், மாரிக்காலத்தில் ஆறு எழுந்தால் முதலில் அது கழிவுக் குழாய் வழியாகத்தான் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும். பெல்மிரோ சொன்னான், ‘தரையோட தரையா வை, ஜனவரில ஆறு நேரா உன் பாத்ரூமுக்கே வந்து சௌக்கியமான்னு கேக்கும்.’ எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. நான் என் காலைத் தூக்கிப் பார்த்தேன், நன்றாகத் தூக்க முடிந்தது. இரண்டு வரி செங்கல் வைத்து அதன் மேல் தட்டை உட்கார வை, ஆற்றுக்கும் ஆகும், செலவும் குறையும், இன்றைக்கே முடியும் என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் உன் அம்மா மீன் தட்டை ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். செங்கல்லைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். நான், ‘கொஞ்சம் தள்ளு கிழவி, ரசமட்டத்த தட்டி விட்டுடப் போற’ என்றேன். அவள் மீனை வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒடெட், அவள் வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எழுத வந்தேன், அடித்துவிட்டேன்.

வேலை அழகாகத்தான் முடிந்தது. கலவை பரப்பி, தட்டை இறக்கி, வெனான்சியோ ரசமட்டத்தை நாலு பக்கமும் வைத்துப் பார்த்து, ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி வாட்டம் பார்த்தான், தண்ணீர் எங்கும் நிற்காமல் துவாரத்துக்கு ஓடியது. சுற்றிலும் வெள்ளை டைல்ஸ். நான் யாரையும் காலடி வைக்க விடவில்லை, நானும் வைக்கவில்லை. உன் அம்மாதான் முதலில் குளிக்க வேண்டும் என்று சொல்லி நான் வழக்கம்போல முற்றத்துக் குழாயடியிலேயே ஊற்றிக்கொண்டேன். உதவிக்கு வந்த பெண்ணை இனி வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம். கோடை முழுவதும் காலையில் உன் அம்மா துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள், தாழ்ப்பாள் விழும், தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும், நான் வெளியே நாற்காலி போட்டு நோட்டில் என் வரிகளை எழுதிக்கொண்டிருப்பேன். அந்தச் சத்தம் எனக்கு ஒரு பெருமை. காபிக் கடையில் பேசினேன், வகுப்பில் பேசினேன், டீச்சர் ஒரு வாக்கியம் சொந்தமாக எழுதச் சொன்னபோது என் மனைவி தானாகக் குளிக்கிறாள் என்று எழுதினேன், அவர் சிரித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டார். ஆகஸ்டில் குளியலறையில் ஒரு நாற்றம் வந்தது. ‘ஆறு வத்திக் கெடக்கு, சேத்து நாத்தம்’ என்றாள் உன் அம்மா. நான் நம்பினேன், ஆற்றைப் பற்றி அவள் சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

செப்டம்பரில் ஷவருக்குப் பக்கத்தில் வைக்கிற கண்ணாடித் தடுப்பு தாமதமாக வந்து சேர்ந்தது, அதைப் பொருத்த வெனான்சியோ வந்தான். நாற்றத்தைச் சொன்னேன். துவாரத்து மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டான். துவாரத்துக்குக் கீழே உள்ள வளைகுழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்றால்தான் கழிவுக் குழி நாற்றம் மேலே வராது, அதில் ஒரு சொட்டுகூட இல்லை. விரல் நுனியில் வெள்ளைத் தூசியோடு எழுந்தான். ‘என்ன மாமா இது, நான் விட்டுட்டுப் போன சிமெண்டுத் தூசி அப்படியே கெடக்கு. இதுல யாரும் குளிக்கிறதே இல்லையா?’ என்றான். தினமும் குளிக்கிறாளேடா, நான் வெளியே உட்கார்ந்து கேட்கிறேனே என்றேன். ‘அப்போ அந்தத் தண்ணியெல்லாம் எங்க போச்சு, வானத்துக்கா?’ என்று சிரித்தவன், கைகழுவும் பேசினைப் பார்த்தான், அதன் கீழே தரையில் விரித்திருந்த பழைய துணியைப் பார்த்தான், கதவுக்குப் பின்னால் தொங்கிய ஈரத் துடைப்புத்துணியைப் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றது. ‘நான் போய்க் கலவைக்குத் தண்ணி எடுத்துட்டு வரேன்’ என்று வாளியோடு வெளியே போய்விட்டான். அன்றைக்குக் கலவை வேலையே கிடையாது, ஒடெட்.

உன் அம்மா முற்றத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பூண்டை நிறுத்தவில்லை. ‘தட்டு காஞ்சு கெடக்கா?’ என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘எத்தன ஆம்பளைங்க நின்னு பேசினீங்க அன்னிக்கு. ஒருத்தனாவது திரும்பி, ஏ எர்மெலிண்டா, உன் காலு எவ்வளவு தூக்கும்னு கேட்டீங்களா? ஆத்தக் கேட்டீங்க, செங்கல்லக் கேட்டீங்க, பெட்டிக்குள்ள இருந்த காகிதத்தக்கூட கேட்டீங்க’ என்றாள். அப்புறமாவது சொல்லியிருக்கலாமே, மறுநாளே இடித்திருப்பேனே என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். ‘சொன்னா? நீ அன்னிக்கே போன்ல ஒடெட்கிட்ட அழுவ. அவ முதியோர் இல்லத்துக்குப் போன் போடுவா. ஒரு வாரத்துல என் துணிமணிய மூட்ட கட்டிடுவீங்க. உன் வாயில எப்பவுமே ஓட்ட இருக்கு அபிலியோ. எனக்கு உன்னப் பாத்துப் பயமா இருந்துச்சு’ என்றாள்.

இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன், மறுபடி எடுக்க ஒரு நாள் ஆயிற்று. உன் அம்மாவைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு பேராக ஆற்றில் இறங்கின காலம் முழுக்கத் துடுப்பு அவள் கையில், வலை என் கையில். வெள்ளத்தில் மிதந்து வந்த மரம் படகை இடித்தபோதும், மூடுபனியில் கரை தெரியாமல் சுற்றியபோதும் அவள் பயந்து நான் பார்த்ததில்லை, பயந்ததும் திட்டினதும் எல்லாம் நான்தான். அப்படிப்பட்டவள் தன் வீட்டில், தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால், ஒரு கையால் பேசினைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துணியை நனைத்துத் துடைத்திருக்கிறாள், குழாயைத் திறந்து விட்டிருக்கிறாள், நான் கேட்க வேண்டும் என்பதற்காக. தரையில் சிந்தியதை அந்த இடுப்போடு காலால் துணியைத் தள்ளித் துடைத்திருக்கிறாள். தலைக்குத் தண்ணீர் ஊற்ற முடியாததால் கோடை வெயிலிலும் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டே இருந்தாள், நான் காரணம் கேட்டதில்லை. படகில் எனக்கு எதிரே அவள் உட்கார்ந்து துடுப்புப் போட்ட காலத்திலும் நான் வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றுக்குப் பயந்து இரண்டு வரி செங்கல் வைத்தேன், வெள்ளம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும், அவள் தினமும் காலையில் அந்தப் படியின் முன்னால் வந்து நின்றிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் என்ன செய்யலாம் என்று அவளைக் கேட்டேன். ‘நான் சொல்ற மாதிரி வைக்கறதா இருந்தா வை. இல்லேன்னா அதுல நீ கோழி வளத்துக்க’ என்றாள். வெனான்சியோ மறுவாரம் வந்தான். கலவையில் நன்றாகப் பிடித்திருந்த தட்டை முழுசாக எடுக்கப் பார்த்தோம், முடியவில்லை, குறுக்கே பிளந்துவிட்டது. பொக்கு இல்லாமல் உட்கார வைத்த வேலை, அப்படித்தான் உடையும் என்று அவன் வருத்தத்தோடு சொன்னான். புதிய தட்டு வந்து சேரும்வரை நான்தான் அவளைச் சமையலறையில் குளிப்பாட்டினேன். முதலில் மாட்டேன் என்றாள். பிறகு, ‘கண்ண மூடிக்க, வாயையும் மூடிக்க’ என்று சம்மதித்தாள். தண்ணீர் சூடு போதுமா என்று கேட்டுக் கேட்டு ஊற்றினேன். இடுப்பில் அந்தத் தழும்பு எவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது, ஒடெட்.

இந்தத் தடவை வேலை நடந்தபோது அவள் குளியலறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். யோசனை சொல்ல வந்த ஆண்களைப் பார்த்து, ‘மண்வெட்டி வெளிய இருக்கு, குழாய்க்கு வாய்க்கால் வெட்டணும், பேச்சு வேணாம்’ என்றாள். பெல்மிரோ முணுமுணுத்துக்கொண்டே முற்றத்தில் வெட்டினான். வெனான்சியோ தரையைத் தோண்டித் தோண்டி, ‘போதுமா அத்தை?’ என்று கேட்பான், ‘இன்னும்’ என்பாள் அவள். கடைசியில் ஒரு டைல்ஸ் துண்டைத் தரையில் போடச் சொல்லி எழுந்து நின்று, கைத்தடியை ஊன்றி, காலைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். இன்னொரு துண்டை அதன் மேல் போடச் சொன்னாள். கால் அதில் இடித்தது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ‘பாத்துக்கங்க. என் காலு தூக்கறது இவ்வளவுதான்’ என்றாள். பெல்மிரோ தொப்பியைக் கழற்றினான், ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அதன் பிறகு தட்டின் விளிம்பும் தரையும் ஒன்றாக நிற்கும்படி கலவையைப் பரப்பி, இறக்கி, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்தான் வெனான்சியோ. குழாயில் ஒருபக்க மூடியும் போட்டாயிற்று. ஆறு வந்தால் வரட்டும், துடைத்துக்கொள்வோம்.

கலவை இறுகின பிறகு அவள் குளிக்கப் போன நாளில் என்னை வீட்டை விட்டு அனுப்பிவிட்டாள். ‘வெளிய உக்காந்து காது குடுக்கற வேலையெல்லாம் வேணாம், அணைக்கட்டுப் பக்கம் போ, நான் கூப்பிடற வரைக்கும் வராத’ என்றாள். ஆற்று வெள்ளத்தைத் தடுக்கும் அந்த மேட்டின் மேல் நின்றேன். காற்று அடித்தது, எதுவும் கேட்கவில்லை. விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே நின்றேன், ஆனால் போகவில்லை, போகாமல் இருப்பதுதான் அன்று எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பிறகு சமையலறை ஜன்னலில் அவள் துண்டை உதறுவது தெரிந்தது. வந்து பார்த்தால் வாசல் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள், முடி முழுவதும் ஈரமாக முதுகில் விரிந்து கிடக்கிறது, முழுக்க வெளுத்துவிட்டது ஒடெட், நான் கவனித்திருக்கவில்லை. எப்படி இருந்தது என்று கேட்டேன். ‘வாட்டம் சரியா இருக்கு’ என்றாள். நான் சீப்பை எடுத்து வந்தேன். கையிலிருந்து வாங்கிக்கொண்டு தானே வாரிக்கொண்டாள்.

சரி, இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். புதன்கிழமை முதியோர் இல்லத்திலிருந்து ஒரு பெண் இங்கே போன் செய்தாள். நவம்பர் கடைசியில் ஜன்னலோர அறை ஒன்று காலியாகிறதாம், முடிவை மகளிடம் கேட்டுக்கொள்கிறோம் என்று சொன்னாள். உன்னை இந்நேரம் கூப்பிட்டிருப்பார்கள். உன் அம்மா இப்போது உண்மையிலேயே குளிக்கிறாள், இதை நான் காதால் கேட்டு எழுதவில்லை. ஆனால் அவள் குளிக்கிறாள், அதனால் அந்த அறை வேண்டாம் என்று சொல்லிவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதியும் விட்டேன், பிறகு அந்த வரியைக் கறுப்பாக அடித்திருக்கிறேன், மேலே பார்த்தால் தெரியும். அவளுடைய காலைப் பற்றி மறுபடியும் நானும் நீயும் முடிவு செய்வதாகிவிடும். அவள் நாற்காலியைச் சமையலறையில் ஜன்னலைப் பார்த்துப் போட்டிருக்கிறாள், அந்தப் போன் வந்ததிலிருந்து ஆற்றைப் பற்றிக்கூடப் பேசவில்லை. என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளோடு இத்தனை காலம் இருந்துவிட்டு எனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. நீ இல்லத்துக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கும் முன்னால், அவளைக் கேள். நான் அந்த நேரம் வீட்டில் இருக்க மாட்டேன், அணைக்கட்டுப் பக்கம் போய்விடுவேன்.

உனக்கும் ஆர்லிந்தோவுக்கும் சின்னவனுக்கும் ஆண்டவன் நல்ல உடம்பையும் கதகதப்பான வீட்டையும் கொடுக்கட்டும். பனியில் தியாகோவின் காதை மூடாமல் அனுப்பாதே, உனக்குச் சின்ன வயதில் காதுதான் முதலில் வலிக்கும். உன் பதிலை நீயே கையால் எழுது, பெரிய எழுத்தாக எழுது, அதை நான் யார் உதவியும் இல்லாமல் வாசிக்க வேண்டும். கை வலிக்கிறது, ஆனாலும் நிறுத்த மனசு வரவில்லை. தபால்காரர் வெள்ளிக்கிழமை மறுபடி வருவார், அதற்குள் இன்னொன்று எழுதி வைத்திருப்பேன், அதில் மீனைப் பற்றி மட்டும் எழுதுவேன் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

உன்னை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும் அப்பா,
அபிலியோ
(இந்தக் கையெழுத்தும் நானே போட்டது, முன்பு போல விரல் ரேகை இல்லை.)